முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட்

எண்ணூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவு என் பொறுப்பு. வருஷாவருஷம் அப்ரண்டிஸ் எடுக்கிறோம். தண்டையார்ப்பேட்டையில் எங்கள் முஸ்லிம் தெருக்களிலிருந்து ஒருவர்கூட வந்ததில்லை. உள்ளே இருக்கிறவர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்குச் சொல்வார்கள், அவர்கள் வருவார்கள். எங்களுக்குச் சொல்ல உள்ளே என்னை விட்டால் ஆளில்லை. மேலாளரிடம் கேட்டால், "நாமளா வேணாங்குறோம்? உங்க ஆளுங்க வர்றதில்லையேம்மா" என்பார். 'உங்க ஆளுங்க' என்ற அந்தச் சொல் பஸ்ஸில் வீடு வரைக்கும் என்னை அரித்துக்கொண்டே வரும்.

போன வருஷம் பொறுக்க முடியாமல் ஜமாத்தில் கேட்டு, பள்ளிவாசல் பக்கத்து மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டேன். பாதி நாற்காலிகள் காலி. நான் பேசி முடித்ததும் ஒரு அம்மா எழுந்தார்.

"என் பொண்ணு ஐ.டி.ஐ.ல டர்னர் முடிச்சிட்டு வூட்ல குந்திகினு கீது. அங்க முக்காட்ட கயட்ட சொல்வாங்களா?"

பக்கத்தில் அந்தப் பெண் தலை குனிந்திருந்தாள். நான் இருப்பது ஆபீஸ் அறையில். என் முக்காட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை. டர்னர்கள் நிற்கிற, லேத் என்கிற கடைசல் மெஷின் சுற்றுகிற இடம் வேறு.

"கேட்டுச் சொல்றேம்மா."

"கேட்டு சொல்றேன்னு போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல" என்றார் சிரித்துக்கொண்டே.

அன்றைக்கு முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் தொழிற்சாலையில் கேட்டதும் சேப்டி ஆபீசர், "துணி மாட்டுச்சுன்னா தலையே போயிடும். முடியாது" என்று முடித்துவிட்டார். அவர் பயம் நியாயமானதுதான். வீட்டில் கண்ணாடி முன்னால் என் முக்காடுகளை ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்தேன், எல்லாம் நழுவின. கடைசியில் தெருத் தையல்காரரிடம் பனியன் துணியில், பின் குத்தத் தேவையில்லாமல் தலையோடு ஒட்டுகிற மாதிரி ஒன்று தைத்து வாங்கினேன். அதைப் போட்டு, நுனிகளை ஓவராலுக்குள் செருகி, ஹெல்மெட் மாட்டி அவர் முன்னால் போய் நின்றேன்.

"இழுத்துப் பாருங்க சார்."

அவர் கூச்சப்பட்டு கேட்டிலிருந்த செக்யூரிட்டி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா இழுத்த இழுப்பில் நான்தான் தடுமாறினேன், துணி வரவில்லை. அவர் ரெண்டு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். "சரி, இது மட்டும்தான். வேற மாதிரி கட்டுனா உள்ள அனுப்ப மாட்டேன்."

அன்று மாலையே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

தேர்வு நாளில் கேட்டுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண்ணைக் காணோம். போனும் எடுக்கவில்லை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. பெயர் கூப்பிட ஆரம்பித்த பிறகு, லாரிகளுக்கு நடுவிலிருந்து தாயும் மகளும் புழுதியோடு வந்தார்கள்.

"ஆட்டோ நவுரவே இல்ல. எறங்கி நடந்தே வந்துட்டோம்" என்றார் அம்மா. மகள் உள்ளே ஓடினாள்.

தேறிவிட்டாள். மண்டபத்துக்கு வந்த மற்றவர்கள் யாரும் தேர்வுக்கு வரவில்லை. ஆனால் இந்த வருஷம் அதே தெருவிலிருந்து நாலைந்து பேர் அப்ரண்டிஸாகச் சேர்வது பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

அவளுக்குப் பயிற்சி முடியப் போகிறது. நிரந்தர வேலை பற்றி மேலிடம் வாய் திறக்கவில்லை. நேற்று சாப்பாட்டு நேரத்தில், "அப்பால இன்னாக்கா?" என்று கேட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல், மணலிப் பக்கம் லேத் வைத்திருக்கும் கம்பெனிகளில் ஏறி இறங்கினேன். ஒருவர், அவளை வந்து லேத்தில் வேலை செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்.