முதலில் உட்கார்ந்தவள்

கிழக்கேகோட்டையில் அந்தக் காப்பி ஓட்டல் திறந்தபோது அங்கே போட்டிருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றிலும் முதலில் உட்கார்ந்தவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. என் வேலை அது. யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் என் வீட்டுக்காரருக்கு ஒரு மரப்பட்டறை இருந்தது. ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும் போய் இடத்தைப் பார்த்து அளவெடுத்து, கவுண்டர், நாற்காலி, கண்ணாடிச் சட்டம், சுவர்ப்பலகை என்று எல்லாம் செய்து பொருத்திக் கொடுப்பார். நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுவது நான். பின்னி முடித்தால் ஏறி உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் அசைந்து பார்க்க வேண்டும். எந்த இழை தளர்ந்திருக்கிறது, எந்தக் கால் தரையில் பாவவில்லை என்பது உட்கார்ந்தால்தான் தெரியும். கையால் அழுத்திப் பார்த்தால் தெரியாது.

ஓட்டல் முதலாளி வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். வண்டியேற்றுவதற்கு முந்தின நாள் வேலையைப் பார்க்க வந்தார். அப்போது நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அசைந்துகொண்டிருந்தேன். அவரைக் கண்டதும் எழுந்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்துக் கேட்டார்.

“ஏன் ஆசாரி, எல்லாத்துலயும் இவ உக்காந்து பாத்தாளா?”

இவருக்கு அந்தக் கேள்வியின் உள்ளே இருந்தது புரியவில்லை. வேலை சுத்தமாக இருக்கிறதா என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

“ஒண்ணு விடாம பாத்தாச்சு சாமி. ஒரு கொறையும் வராது” என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

நாற்காலிகள் போய் இரண்டு நாளில் ஆள் வந்துவிட்டது. பாலிஷ் வெளுத்துப்போச்சு, முதலாளி ஆசாரியை உடனே வரச் சொல்லுகிறார் என்று. இவர் ஓடினார். திரும்பி வந்து கை கழுவினார். நான் துளைத்துத் துளைத்துக் கேட்ட பிறகு சொன்னார். நாற்காலிகளைக் கொல்லைப்புறத்தில் வெயிலில் போட்டிருந்தார்களாம். தேக்கெல்லாம் தேமல் விழுந்த முதுகு மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்ததாம். ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துப் பூசுகிற பாலிஷ் அது. இறுகுவதற்கு முன்னால் தண்ணீரில் நனைந்தால் வெளுத்துப்போகும். ஈரத்தோடு வெயிலில் காய்ந்ததில் பிரம்பும் முறுகி, சில நாற்காலிகளில் அறுந்துவிட்டது.

“தண்ணி எப்படிப் பட்டுது?” என்றேன்.

மடியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக் காட்டினார். பிரம்புக் கண்ணிலிருந்து நகத்தால் நோண்டியெடுத்தது. சாணம்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றி எரிந்தது. நான் உட்கார்ந்த தீட்டுக்குச் சாணித் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள்! அந்த நாற்காலியில் என் கை படாத இடம் ஏதாவது உண்டா? பின்னும்போது பிரம்பு காயாமல் இருக்க இழையை வாயில் கவ்வி வைத்துக்கொள்வேன். பல்லால் கடித்துத்தான் இழுப்பேன். கை பட்டது தோஷமில்லை, எச்சில் பட்டது தோஷமில்லை, உட்கார்ந்ததுதான் தோஷமாம். இந்தக் கணக்கை எந்த மகான் போட்டுக் கொடுத்தார் என்று இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அதோடு விட்டாரா அந்த மனிதர்? கழுவினோம் என்று சொல்லியிருந்தால்கூட வயிற்றெரிச்சலோடு போயிருப்பேன். “ஆசாரி ஏமாத்திப்பிட்டான், ரெண்டு நாள் தாங்காத பாலிஷ்” என்று சாலைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அரிசி மண்டியில் சொன்னார், இரும்புக் கடையில் சொன்னார். நான் உப்பு வாங்கப் போன இடத்தில் என்னிடமே ஒருவர் துக்கம் விசாரித்தார்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வாய்க்க இருந்தது. வித்துராப் பக்கம் மலை எஸ்டேட்டுகளுக்குச் சாமான் அனுப்பிச் சம்பாதித்த ஒருவர், துரைமார் இறங்கி வந்தால் தங்குவதற்கென்று தம்பானூரில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். அதில் குடிக்கிற அறை ஒன்று. அதற்கு நீளமான கவுண்டர், பின்னால் பாட்டில் அலமாரி, உயர நாற்காலிகள், எல்லாம் இவர்தான் செய்வதாகப் பேச்சு. அந்த வேலையை நம்பித்தான் மரம் வாங்கிப் போட்டிருந்தோம். அது கைவிட்டுப் போனால் பட்டறையை மூடிவிட்டு இவர் இன்னொருவரிடம் கூலிக்குப் போக வேண்டும். பாலிஷ் கதை காதில் விழுந்ததும் லாட்ஜ்காரர், தாம் வரைந்து கொடுத்திருந்த கவுண்டர் படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டார்.

“ஓட்டலுக்குப் போயி அந்த மனுசனை உண்மையைச் சொல்லச் சொல்லுங்க” என்றேன்.

“போட்டும் விடு. திருப்பி பாலிஷ் போட்டுக் குடுத்தா தீந்துது” என்றார் இவர்.

கோபம் வரவேண்டிய இடத்தில் கோபம் வராத மனிதரோடு குடும்பம் நடத்துவது எத்தனை கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். நாற்காலிகள் வண்டியில் பட்டறைக்குத் திரும்பி வந்தன. கூடவே ஓட்டல்காரரின் உத்தரவும் வந்தது. இந்தத் தடவை யாரும் உட்காரக் கூடாது.

“உக்காராம நான் பின்ன மாட்டேன். வேணும்னா அவரு ஆளை அனுப்பி உக்காரச் சொல்லட்டும்” என்று வண்டிக்காரனிடமே சொல்லியனுப்பினேன். வாய்க்கொழுப்பில் சொன்னதுதான். ஆனால் மறுநாள் காலையில் நிஜமாகவே ஆள் வந்து நின்றார்! ஓட்டல் சமையல்காரர். பருத்த உடம்பு, ஈர வேஷ்டி, நெற்றி நிறைய விபூதி. நான் ஒவ்வொன்றாகப் பின்னிக் கொடுக்க, அவர் உட்கார்ந்து அசைந்து, “இந்த மூலை கொஞ்சம் தொய்யறது” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாவம், மனசில் கள்ளமில்லாதவர். இவர் ஒரு பக்கம் ஸ்பிரிட் தொட்டு வெள்ளையைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் லாட்ஜ்காரர் படத்தை வாங்க வந்தார். எங்கள் பட்டறையில் ஒரு பிராமணர் நாற்காலி மாற்றி நாற்காலியாக உட்கார்ந்து எழுந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். இவர் வழக்கம்போல் தலையைச் சொறிந்தார். நான் விடவில்லை.

“சாமி, இந்த நாற்காலி ஏன் வெளுத்துதுன்னு இவருகிட்ட நீங்களே சொல்லுங்க” என்றேன்.

சமையல்காரர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “சாணித் தண்ணியக் கொட்டி அலம்பினா வெளுக்காம என்ன பண்ணும்? முதலாளி சொன்னார், நான்தான் கொட்டினேன். பாலிஷ் மேல ஒரு தப்பும் இல்லை” என்றார்.

லாட்ஜ்காரர் படத்தைக் கேட்கவில்லை. “நாளைக்கு ரெண்டு பேரும் அங்கே வரணும் கேட்டோ, அளவெடுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம் பாதி, ஆத்திரம் பாதி. கொட்டியவர் வாயால் சொன்னால்தான் எங்கள் பாலிஷ் நல்ல பாலிஷ்!

மறுநாள் தம்பானூர் போனோம். பிரம்புப் பின்னலுக்கு மாதிரி காட்ட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவர்களுக்கு அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தது. நடுவில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. லாட்ஜ்காரர் தன் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“மேஸ்திரி இரியும். இருந்து சொல்லும், கவுண்டர் எத்தனை உயரம் வேணும்?”

“வேண்டாம் முதலாளி, நின்னாத்தான் அளவு சரியா வரும்” என்றார் இவர்.

உட்காருகிறவனுக்குச் செய்கிற நாற்காலிக்கும் கவுண்டருக்கும் நின்றுகொண்டு என்ன அளவு வரும்? பட்டறையில் கீழே உட்கார்ந்தும் எழுந்தும் பார்த்து அளவு போடுகிறவர் இவர். பச்சைப் பொய். எனக்குத் தாங்கவில்லை.

“இருங்க. அவருதான் சொல்லுதாருல்லா” என்றேன்.

உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு. உயரம் சொன்னார், அகலம் சொன்னார், பாட்டில் அலமாரிக்கு எத்தனை தட்டு என்று சொன்னார். எல்லாம் அழகாகச் சொன்னார். வேலை முடிவாயிற்று. லாட்ஜ்காரர் சந்தோஷமாக உள்ளே போனார்.

இவர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, தாம் உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்தார். யாரும் சொல்லவில்லை. நன்றாக, ஓரம் மூலை விடாமல் துடைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வா, போவோம்” என்றார்.