கண்ணாடியில் இரண்டு விரல்

வாயால் ஊதி, இடது கைத் துணியால் படத்தின் நான்கு மூலையும் துடைத்து முடித்ததும், இஸ்திரிக்காரர் வலது கையின் இரண்டு விரல்களை அதிலிருக்கும் பையனின் இடுப்பருகே அழுத்துவார். பளிச்சென்ற கண்ணாடியில் இரண்டு ரேகைகள் விழும். அரைமணி கழித்துத் தெருச் சங்கச் செயலாளர் வந்து முணுமுணுத்துக்கொண்டே அவற்றைத் துடைப்பார். ஒரு மாதமாக இதே கதைதான்.

படத்தில் இருப்பவன் போரில் இறந்துபோன எங்கள் தெருப் பையன். இருந்திருந்தால் இஸ்திரிக்காரரைப் போல அவனுக்கும் இன்று அறுபது வயது. அவன் நினைவாகச் சங்கத்து அறையில் இருப்பது இந்தப் படம் ஒன்றுதான். பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று ஸ்டுடியோவில் எடுத்தது. போட்டிருந்த கோட்டு இரவல்.

“தேய்க்க வந்த கோட்டுங்கக்கா. செயலாளரோட அப்பாவுது. வெளிய சொல்லிடாதீங்க!” என்று இஸ்திரிக்காரர் என்னிடம் பத்து முறையாவது ரகசியம் சொல்லியிருப்பார். “இன்னொரு ஆளு உள்ள நுழையலாம், அவ்ளோ தொளதொள. பின்னால குந்திக்கிட்டு, ‘நேரா நில்லுடா’ன்னு இழுத்துப் பிடிச்சேன். வெரலு இடுப்புல பட்டுச்சு. கூச்சக்காரப் பய, சிரிச்சுத் தொலைச்சான்.”

அந்தச் சிரிப்போடு, கோட்டைப் பிடித்த இரண்டு விரல்களும் படத்தில் இடுப்போரம் விழுந்துவிட்டன.

போன மாதம் செயலாளர் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார். விரல்கள் மாயம்; ஸ்டுடியோவில் அழித்துவிட்டிருந்தார்கள். பழைய படத்தை ஸ்டுடியோக்காரர் தொலைத்துவிட்டார்.

“வீரனோட இடுப்பை எவனோ கிள்ளுற மாதிரி இருந்துச்சுய்யா. ஒரு மரியாதை வேணாமா?” என்றார் செயலாளர்.

“அந்த எவனோ நான்தான் சார்.”

“ஊருக்கே சொல்லு, போ.”

நேற்று அதே நினைப்பில் இஸ்திரிக்காரர் சூடான பெட்டி மேல் கையை வைத்துவிட்டார். சரியாக அதே இரண்டு விரல்கள். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள் என்பதால், தெருவின் புண்ணெல்லாம் என்னிடம்தான் வரும். குளிர்ந்த நீரில் கழுவி, களிம்பு தடவிக் கட்டினேன். ஆள் முகம் சுளிக்கவில்லை.

“நுனிய மட்டும் விட்டுடுங்கக்கா.”

“ரேகை வைக்கவா? சீழ் பிடிச்சா வெரலே போயிடும்.”

“நாங்க ரெண்டு பேரும் சேந்து இருந்தது அந்த ஒரு படத்துலதான்.”

அதற்கு என்னிடம் மருந்து இல்லை. நுனிவரை கட்டிவிட்டேன்.

இன்று காலை கட்டைப் பார்க்கலாம் என்று தேடினால், ஆள் சங்கத்தில் இருந்தார். கட்டுத் துணியில் ஊறிய களிம்போடு கண்ணாடியில் அழுத்தியிருக்கிறார். செயலாளர் துடைக்கத் துடைக்க அது வழவழவென்று பரவியது.

“என்ன எழவுய்யா இது, போகவே மாட்டேங்குது!”

இஸ்திரிக்காரர் மெதுவாக அவருக்குப் பின்னால் போய்க் குந்தினார்.

“நேரா நில்லுங்க சார்.”

தொளதொளவென்று தொங்கிய செயலாளரின் சட்டையை, இடுப்பருகே, கட்டுப் போட்ட இரண்டு விரல்களால் கொத்தாகப் பிடித்து இழுத்தார்.