ஞானம்மாளின் தூதனுக்கு முளைத்த இறக்கை

ஞானம்மாளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் தேவானந்தம் அவள் வாசலுக்குப் பால் கேனோடு வந்தால் செல்லாது. மாட்டையே ஓட்டி வந்து கண்ணெதிரே கறக்க வேண்டும். அப்படியும் மாடு வருகிற வழியில் தண்ணீர் குடித்ததா என்று அவள் விசாரித்தாளாம். அன்றிலிருந்து அந்த மாடு இரும்புலியூர்த் தெருக்குழாயைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது என்பார்கள். ஆராதனையில் ஜெபத்துக்கு ஒரு கண்ணைத்தான் மூடுவாள். மற்றது வாசலில் விட்ட செருப்புக்குக் காவல்.

புருஷன் போன பிறகு பாவாடை தைத்து, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்றுப் பிழைத்தவள். துணியைத் தடவிப் பார்க்கிறவள் வாங்க வந்தாளா, சுருட்ட வந்தாளா என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

எண்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் ஒரு மழைக்காலை. பாவாடை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தாம்பரத்தில் தண்டவாளத்தைத் தாண்டினாள். மேம்பாலப் படியேறிப் போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை. எழும்பூரிலிருந்து தெற்கே போகிற எக்ஸ்பிரஸ் வந்தது மழைச் சத்தத்தில் அவளுக்குத் தெரியவே இல்லை. பின்னாலிருந்து யாரோ வெடுக்கென்று இழுக்க, சரளைக்கல்லில் மல்லாந்து விழுந்தாள். மூட்டை ரயிலோடு போயிற்று. பாவாடைகள் செங்கல்பட்டு வரைக்கும் ஸ்டேஷனுக்கு ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின என்று பிற்பாடு பேச்சு.

எழுந்து பார்த்தால் இழுத்த ஆளைக் காணோம். கழுத்தில் சங்கிலியையும் காணோம்.

ஊரையே சந்தேகப்பட்டவள் அன்றைக்கு மட்டும் படவில்லை. புருஷன் போட்ட, சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி. விழுந்த வேகத்தில் அறுந்து கல்லுக்குள் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். "ஆண்டவர் சங்கிலிய எடுத்துக்கிட்டுக் கழுத்த விட்டுவச்சார்" என்று அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். இழுத்தது தேவதூதன் என்றாள். தோளில் நீலம் பாரித்திருந்த விரல் தடத்தைப் பெண்கள் பக்கம் காட்டினாள். அழாதவர் இல்லை.

ஆபத்துக்குத் தப்பினவர்கள் சாட்சி சொல்வது சபைக்கு வழக்கம்தான். தூதனின் விரல் தடத்தோடு வந்தவர் அதுவரை யாருமில்லை. குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் வீட்டு ஜெபக்கூட்டங்களுக்கு அவளை அழைத்தார்கள். போகப் போகத் தூதனுக்கு வெள்ளங்கி வந்தது, பிறகு ஒளி வந்தது, ஒரு கூட்டத்தில் இறக்கையும் முளைத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஸ்தோத்திர ஆராதனையில் ஞானம்மாள்தான் சாட்சி என்று சபைப் போதகரான ஐயர் அறிவித்தார்.

அந்த வாரம் போலீஸ்காரர் பக்தவச்சலம் அவள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"எக்கா, உன் சங்கிலி ஆப்ட்டுச்சு. திருடனும் ஆப்ட்டான்."

"எந்தத் திருடன்?"

"ரயில் லைன்ல அறுத்துகினு போனவன். நெத்தி நெறைய விபூதி பூசிகினு சிலுவைச் சங்கிலிய விக்கப் போயிருக்கான். கடைக்காரருக்கு டவுட் வந்துடுச்சு. ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கம்ப்ளைன்ட் குடு, உள்ள தள்ளிடலாம்."

ஞானம்மாள் கணக்குப் போட்டாள். சங்கிலி தன்னுடையது என்றால் தூதன் திருடனாகிவிடுவான், ஊரே சிரிக்கும். தன்னுடையது இல்லை என்றால் தூதனும் பிழைப்பான், பிடிபட்டவனும் வீட்டுக்குப் போவான். மன்னித்த புண்ணியமும் சேரும். எவ்வளவு சௌகரியம்! அவ்வளவு சௌகரியமாக இருந்ததாலேயே அவளுக்குத் தன் இரக்கத்தின் மேல் சந்தேகம் வந்தது.

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் திருடன் அப்பாதுரை உட்கார்ந்திருந்தான். இருபது, இருபத்தைந்து வயதிருக்கும்.

"ஏன்டா, உண்மையச் சொல்லு. இழுத்தது சங்கிலிக்கா, எனக்கா?"

"சங்கிலிக்குத்தான்க்கா. உன்ன இன்னாத்துக்கு நான் இழுக்கப் போறேன்?"

"அப்புறம்?"

"சங்கிலி மொத இழுப்புலயே கைக்கு வந்துடுச்சு. ஓடலாம்னு திரும்புனா வண்டி வந்துகினு கீது. சங்கிலி போனதே தெரியாம நீ பாட்டுக்குப் போய்கினே கீற. பேஜாராப் பூட்ச்சு. கத்துனேன், நீ கேக்கல. தோளப் புட்ச்சு இழுத்துப் போட்டுட்டு ஓடிட்டேன்."

"கதை விடாதே. என்னன்னு கத்தினே?"

அப்பாதுரை தரையைப் பார்த்தான். "'ஏ கெய்வி, சாவப் போறியா'ன்னு."

அந்தக் குரல் அன்றைக்கு ஞானம்மாள் காதில் விழத்தான் செய்தது. நாற்பத்தைந்து வயதுக்காரியை யார் கிழவி என்பார்கள்? வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடையைக் கட்டினாள். தூதன் அப்படிக் கூப்பிடமாட்டான் என்பதால் எந்தச் சாட்சியிலும் அதை அவள் சொன்னதில்லை. அதைச் சொல்ல இழுத்தவன் ஒருவனால்தான் முடியும்.

"சங்கிலி என்னுதுதான்" என்றாள் பக்தவச்சலத்திடம். "கம்ப்ளைன்ட் கிடையாது. அவன விட்டுருங்க."

"நல்லா யோசிச்சுக்கோக்கா. நாளைக்கே இன்னொரு கழுத்துல கை வெப்பான்."

"வெப்பான்னுதான் எனக்கும் சந்தேகம். இருந்தாலும் விட்டுருங்க."

ஸ்தோத்திர ஆராதனையில் எழுந்து நின்றாள். வெள்ளங்கியைக் கழற்றினாள், ஒளியை அணைத்தாள், இறக்கையைப் பிய்த்துப் போட்டாள். 'கெய்வி'யை மட்டும் முழுங்கிவிடலாமா என்று யோசித்தாள். அதையும் சொன்னாள். ஆண்கள் பக்கம் இருமல் கிளம்பியது. பெண்கள் பக்கம் கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:

"அப்போ தூதன் வரவே இல்லியா?"

"இல்லடி. வந்தது திருடன். அவன் கையாலயே என்னைக் காப்பாத்த ஆண்டவரால முடிஞ்சுது. எனக்கு இருக்கிற ஸ்தோத்திரம் அவ்வளவுதான்."

அதோடு பெருங்களத்தூர் அழைப்பு நின்றது. குரோம்பேட்டைக்காரர்கள் வேறு சாட்சியைத் தேடிக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று அப்பாதுரையைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மன்னிப்பது வேறு, அசட்டையாக இருப்பது வேறு என்று சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அரிசிப்பானைக்குள் வைத்துவிட்டுத்தான் இலை போட்டாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஒரு கால் வாசற்படிக்கு வெளியே இருக்கும்படி உட்கார்ந்தான். கோழிக்குழம்பை முகர்ந்து பார்த்தான். பானையிலிருந்து வந்த டிக் டிக்கைக் கேட்டு முழித்தான்.

"அக்கா, போலீசு எதுனா வருதா? சோத்துல எதுனா கலந்துகீறியா?"

"அடப்பாவி!"

"அப்போ நீ மொதல்ல துண்ணு."

தன்னை விடச் சந்தேகக்காரன் ஒருவனை ஞானம்மாள் அன்றுதான் பார்த்தாள். கீழே உட்கார்ந்து, அவன் இலையிலிருந்தே ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டாள். அது தொண்டையில் இறங்கும் வரை அப்பாதுரை அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வெளியே கிடந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு, இலையைத் தன் பக்கம் நகர்த்தினான்.