பேப்பரில் இல்லாத கதாநாயகி

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. பயம் மட்டும் நிற்காமல் வளர்ந்தது. மலாயா சுதந்திரம் அடைந்த மெர்டேக்காவுக்கு முந்தைய வருடம், மலாக்காவில் காஜா பெராங் வீட்டில், ஒரு தொடர்கதைக்காகக்கூட நான் பயந்துகொண்டு திரிந்தேன்.

அந்தக் கதை ஞாயிறு பேப்பரில் வரும். அப்பாவின் தங்கையான அத்தை அதைப் பக்கத்து வீட்டு பிபிக்குக்குச் சொல்வார். பிபிக் என்றால் அங்கே மாமி மாதிரி; அவர் தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி வீட்டுப் பெண்மணி. நெற்றியில் விபூதி உண்டு, வாயில் தமிழ் கிடையாது. ஆகவே அத்தை தமிழில் பார்த்து மலாயில் சொல்ல, பிபிக் இஞ்சி நசுக்கிக்கொண்டே கேட்பார்.

எனக்கு அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்திருந்தது. அத்தையின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். பேப்பரில் கதாநாயகி நல்ல சிவப்பு, முழங்கால்வரை கூந்தல், வீணை வாசிப்பாள். அத்தை வாயிலோ அவள் கறுப்பாக, ஒரு கால் இழுத்து நடப்பவளாக, தையல் மிஷின் மிதிப்பவளாக இருந்தாள். அத்தையும் கறுப்புதான், காய்ச்சலில் கெட்ட கால்தான், ஊருக்குச் சட்டை தைப்பவர்தான். எனக்கு அது தோன்றவேயில்லை. பாவம், அத்தைக்குக் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று கவலைப்பட்டேன்.

அந்தச் சமயம் அத்தையைச் சிகாமட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவருக்குக் கொடுக்கப் பேச்சு நடந்தது. மனைவியை இழந்தவர், அத்தை வயதில் அவருக்குப் பிள்ளைகள். அந்தக் காலுக்கு இதற்கு மேல் இடம் வராது என்றார் அப்பா. அத்தையை யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது.

அதற்கு முந்தைய ஞாயிறு, கதையிலும் ஒரு கிழவருக்குப் பெண் பேசினார்கள். பேப்பரில் அவள் தலைகுனிந்து சம்மதித்தாள். அத்தை சொன்னதில், மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, வேண்டாம் என்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்ல அத்தை, பேப்பர்ல சரின்னு சொல்லிட்டா" என்றேன். பிபிக்குக்கும் புரியட்டும் என்று மலாயிலும் ஒரு முறை சொன்னேன்.

அத்தை பேப்பரை மடித்தார். பிபிக் அவரை நிதானமாகப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "அப்படின்னா பேப்பர்காரன்தான் தப்பா போட்டிருக்கான். நீ சொல்லு, அப்புறம் அவ என்ன செஞ்சா?"

அதற்கு மேல் அத்தைக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை, அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் அத்தை கதவோரம் வந்து நின்றார்.

"அந்த எடம் எனக்கு வேணாண்ணே. ஆள் அனுப்பிச் சொல்லிடுங்க. மிஷின் இருக்கு, நான் பொழச்சிக்குவேன்."

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. "யாரு ஒனக்கு இந்தக் கதையெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

அத்தை கதையைத் திரித்தது அம்பலமாகிவிட்டது என்று எனக்கு உயிரே போனது. "நான் இல்லப்பா, பேப்பர்ல அவ சரின்னுதான் சொன்னா" என்று அழ ஆரம்பித்தேன்.

"இது ஒண்ணு, எதுக்கெடுத்தாலும்" என்று அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனார்.

சனிக்கிழமை யாரும் வரவில்லை. மழை என்று நினைத்துக்கொண்டேன். அப்பா வெகுநாள் அத்தையோடு பேசவில்லை. எனக்கோ ஒரே நிம்மதி, அவர் அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை என்பதுதான்.