பூனையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை

கண்ணை அசைக்கச் சொல்லிச் சம்பளம் வாங்க ஒரு தொழில் இருக்கிறது என்பதை என் மாமியார் இன்னும் நம்பவில்லை. புத்தளம் டவுனில் ஒரு நரம்பு டொக்டரின் கிளினிக்கில், திரையில் ஒரு சிவப்புப் புள்ளியை ஓடவிட்டு, அதன் பின்னால் நோயாளியின் கண் எப்படி ஓடுகிறது என்று பதிவதுதான் என் வேலை. ஒன்றைச் செய்யச் சொன்னால் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிறவர்களோடு நாளைக் கழிக்கிற அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

தலை ஆடக் கூடாது

"தலையை அசைக்காம கண்ண மட்டும் திருப்புங்க." இதை ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். ஆலங்குடாவிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர், புள்ளி வலப்பக்கம் போனால் கதிரையோடு வலப்பக்கம் திரும்பினார். நாடியைத் தாங்கியில் வைத்துத் தலைக்குப் பட்டி போட்டேன். தாங்கியும் சேர்ந்து திரும்பியது. ஏன் நானா இப்படி என்று கேட்டேன். எங்கள் பக்கம் அண்ணனை நானா என்போம், அக்காவை ராத்தா என்போம்.

"கண்ண மட்டும் திருப்பினா கள்ளப் பார்வை என்டு பொஞ்சாதி சொல்லுவா, தங்கச்சி. நான் எதப் பாத்தாலும் முழு உடம்போடதான் பாக்கிறது."

எதிர்ப்பக்கம்

மூளையின் அடியில் பேசல் கேங்லியா என்று சில முடிச்சுகள் இருக்கின்றன. கண் கண்டபடி பாயாமல் பிரேக் பிடித்து வைத்திருப்பது அவைதான். வேண்டிய நேரத்தில் பிரேக்கை விட்டால் கண் பாயும். அந்தப் பிரேக்கைச் சோதிக்க ஒரு பரிசோதனை உண்டு. புள்ளி இடப்பக்கம் வந்தால் வலப்பக்கம் பார்க்க வேண்டும், வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம்.

பள்ளிவாசல்துறையில் போட் வைத்திருக்கும் ஒரு ஹாஜியாருக்கு இதை மூன்று தரம் விளக்கினேன். மூன்று தரமும் தலையாட்டினார். பிறகு இருபது புள்ளிக்கும் நேராகப் புள்ளியையே பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. புள்ளியைப் பார்க்க வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்று குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை.

"தண்ணியில மீன் மினுக்கம் தெரியக்குள்ள எதிர்ப்பக்கம் பாக்கிறவன்ட வீட்டில அடுப்பு எரியாது, மகள்."

பூனை

கண்டக்குழியிலிருந்து ஹயறுன் ராத்தா தன் கணவர் காசிம் நானாவைக் கூட்டிவந்தார். கையில் ஒரு பெரிய பேக். பரிசோதனை முடிந்ததும் அவரை மகனோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் டவுனிலுள்ள மகள் வீட்டுக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். காசிம் நானாவுக்குப் பார்க்கின்சன் நோய். நடுக்கத்தைப் பற்றி ராத்தாவுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. "பூன போனா பாக்கிறாரு. காகம் வந்தா பாக்கிறாரு. முன்னுக்கு இருந்து கதைக்கிற என்னைப் பாக்கிறாரில்ல. முப்பத்தாறு வருசம் சோறாக்கிப் போட்டவள் நான்" என்றார்.

புள்ளியை ஓடவிட்டேன். கண் ஓடியது. புள்ளியை நிறுத்திவிட்டு, "இப்ப நீங்களா இடப்பக்கம் பாருங்க நானா" என்றேன். கண் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நொண்டி நொண்டிப் பாதி தூரம் போனது. ராத்தாவைத் திரைக்கு அழைத்துக் கண் ஓடியதைப் பதிந்த இரண்டு கோடுகளையும் காட்டினேன். அசைகிற பொருள் கண்ணைத் தானே இழுத்துக்கொள்ளும். தானாகப் பார்க்க நினைத்தால் பிரேக் விட வேண்டும், நானாவுக்கு அது இறுகிவிட்டது. வேறு கோபம் ஒன்றுமில்லை. நானா தாங்கியிலிருந்து நாடியை எடுத்தார்.

"நான் இவளப் பாத்துக்கிட்டு இரிக்கிறன் என்டுதான் நினச்சன்."

சிவப்புத் துவாய்

ராத்தா பேக்கைத் தூக்கிக்கொண்டு கண்டக்குழிக்கே திரும்பினார். மகள் வீட்டுக்குப் போகிற எண்ணத்தை விடவில்லை, ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார். நானாவைக் கூப்பிடும்போது சிவப்பாக எதையாவது அசைக்கச் சொல்லி நான்தான் யோசனை கொடுத்தேன். கடற்கரையில் வளர்ந்த எனக்கு அந்தப் புத்தி வந்திருக்கவே கூடாது. மறுநாள் நானா கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, ராத்தா தேத்தண்ணீர் குடிக்க வரச் சொல்லி ஒரு சிவப்புத் துவாயை வீசியிருக்கிறார். கரையிலிருந்து துணி வீசினால் கடலில் நிற்கிறவர்களுக்கு உடனே வா என்று அர்த்தம். தொழிலுக்குப் போன இரண்டு போட்டுகள் அப்படியே திரும்பிவந்தன. யார் மவுத்து என்று சாவு விழுந்த பதற்றத்தோடு கேட்டுக்கொண்டே இறங்கியவர்களிடம் தேத்தண்ணீர் என்று சொல்ல அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

மாதம் முடிந்து வந்தபோது கையில் பேக் இல்லை. துவாயை என்ன செய்தீர்கள் என்று பயந்துகொண்டே கேட்டேன். மடித்து அலுமாரியில் வைத்துவிட்டாராம். கதைக்கிற கதையெல்லாம் நானாவின் காதில் விழுகிறதாம், ஆனால் முகத்தைப் பார்க்காமல் கதைக்க ராத்தாவுக்கு மனம் வரவில்லையாம்.

"குந்தியிருந்தா பாக்க மாட்டாரு, எழும்பினா பாக்கிறாரு. அதனால ஒவ்வொரு கதைக்கும் ஒருக்கா எழும்பிக் குந்துறன், தங்கச்சி. முழங்கால் போகுது. போகட்டும்."

மூளையின் பிரேக்கைத் தளர்த்துவது டொக்டரின் மாத்திரை என்றுதான் நான் படித்தேன், கண்டக்குழியில் பாதி வேலையை ஒரு முழங்கால்தான் பார்க்கிறது.