வகுத்தல் மட்டும் பாக்கி

கள்ளக்குறிச்சிக் கல்வி அலுவலகத்தில் எனக்கு வாய் நீளம் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குப் பூஜ்ஜியம் போட மாட்டேன் என்று சொல்லித்தான் வாங்கினேன்.

அப்போது மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. வீடு சின்னசேலத்தில். விடிந்ததும் பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சியில் வேறு பஸ் மாறி, கடைசித் தூரம் ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வந்து சேர்வேன். அந்த ஊரில் பாதிக் குடும்பங்களுக்குக் கையகல நிலம்கூடக் கிடையாது. தீபாவளி முடிந்ததும் கரும்பு வெட்ட வெளியூருக்குக் கிளம்பிவிடுவார்கள். மேஸ்திரி லாரி கொண்டுவருவார். சட்டி பானை, கோழி, பிள்ளை குட்டி எல்லாம் அதில் ஏறும். மறுநாள் என் வகுப்பில் பாய்கள் காலியாகக் கிடக்கும். வெட்டும் கேங்குக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு கரும்புக் கொல்லையில் கத்தி வைத்துவிட்டால் கடைசிக் கரும்பு சாயும்வரை நகரக் கூடாது. அடுத்த கொல்லைக்காரர் லாரியை நிறுத்திக்கொண்டு கத்தினாலும் சரி. பங்குனியில்தான் திரும்பி வருவார்கள்.

அந்த வருடங்களில் எங்களுக்கு அட்டைப் படிப்பு. சுவரில் ஒரு ஏணி ஒட்டியிருக்கும், படிக்குப் படி ஒரு படம். பிள்ளை தான் நிற்கிற படியின் படத்தைப் பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு பாயில் உட்காரும். அந்தப் படி வந்துவிட்டால் அடுத்தது; வராவிட்டால் அங்கேயே இன்னும் கொஞ்ச நாள். காய்ச்சலில் கிடந்து வந்தாலும் விட்ட இடத்திலேயே ஏறிக்கொள்ளலாம், யாருக்கும் அவமானம் இல்லை. பயிற்சி வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

வருடக் கடைசியில் பார்த்தால் கதையே வேறு. மூன்று பருவத்து மதிப்பெண்களையும் கூட்டி, சராசரி பார்த்து, ஏ முதல் ஈ வரை ஒரே ஓர் எழுத்தை மதிப்பெண் கார்டில் போட வேண்டும். சுவரில் இருக்கிற ஏணிக்கும் கார்டில் இருக்கிற எழுத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சொல்ல வந்த பிள்ளை நாலாம் வகுப்பில், கடன் வாங்கிக் கழிக்கிற படியில் நின்றபோது லாரி ஏறினாள். பங்குனியில் அவள் அம்மாவே கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். விட்டவள் போகாமல் வாசலில் நின்று ஒன்று சொன்னாள். மூத்த பெண்ணுக்கு இதே பள்ளியில் கடைசி எழுத்து வந்தது, படிப்பு ஏறவில்லை என்று நிறுத்திவிட்டார்கள், இப்போது அவள் கேங்கில் கட்டுத் தூக்குகிறாள். இவளுக்கும் அதே எழுத்து வந்தால் வருகிற தீபாவளிக்கு இவளும் கூட வந்துவிடட்டும், சும்மா எதற்கு அலைய வேண்டும் என்றாள். அதில் கோபமோ அழுகையோ இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

பிள்ளையோ இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. நேராகச் சுவருக்குப் போனாள். ஏணியில் விரலை ஓட்டித் தன் படத்தைத் தேடிப் பிடித்தாள். அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அவள் ஒன்றும் பெரிய புத்திசாலி இல்லை. பாதி மறந்துதான் போயிருந்தது. ஆனால் பிடிவாதக்காரி. கழித்தல் வந்தது, பெருக்கல் வந்தது, பாடத்தைத் திக்காமல் படிக்க வந்தது. வகுத்தல் மட்டும் வரவில்லை. புளியங்கொட்டைகளை நாலு குவியலாகப் பங்கு போடுவாள். கடைசியில் கையில் ஒன்றிரண்டு மிஞ்சினால், நான்தான் ஏமாற்றிவிட்ட மாதிரி என்னை முறைப்பாள்.

கார்டு எழுதும் நாள் வந்தது. இரண்டாம் பருவத் தேர்வு எதையும் அவள் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் பூஜ்ஜியம் போட்டுச் சராசரி எடுங்கள் என்றார் தலைமை ஆசிரியர். எடுத்துப் பார்த்தேன், கடைசி எழுத்துதான் வந்தது. முடியாது என்றேன். அவர் ஓய்வு பெறப்போகிறவர், வம்பு வேண்டாம் என்று கெஞ்சினார். வம்பு என் பெயரிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, எழுத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டேன். அதன் கீழே நல்ல தமிழில் எழுதினேன்: படிக்கிறாள். கடன் வாங்கிக் கழிக்கிறாள். பெருக்குகிறாள். வகுத்தல் மட்டும் பாக்கி.

விஷயம் அலுவலகத்துக்குப் போய், ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வரலைன்னா பூஜ்ஜியம்தானேம்மா? இதுல இன்னா சந்தேகம் உங்களுக்கு?”

“வரலைன்னா வரலை சார். தெரியலைன்னாதான் பூஜ்ஜியம். நான் கேக்கவே இல்லாத கேள்விக்கு அவ எப்படி சார் தப்பா பதில் சொல்லியிருப்பா?”

இப்படி ஒவ்வொருத்தரும் ஆரம்பித்தால் விதி என்று ஒன்று எதற்கு என்றார். பிள்ளையைக் கூப்பிடுகிறேன், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், தெரியாததற்கு நீங்களே பூஜ்ஜியம் போடுங்கள் என்றேன். அவர் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். அது போதாது என்று இன்னொன்று வந்தது. அதற்கும் அதே விளக்கத்தை இன்னும் பெரிய கையெழுத்தில் எழுதி அனுப்பினேன். யார் யாரோ வந்து புத்தி சொன்னார்கள். அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

கார்டு வாங்க அம்மா வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த எழுத்து எந்த மூலையில் இருக்கும் என்று தெரியும். மூத்தவள் கார்டில் பார்த்துப் பழகிய மூலை. அங்கே வெற்றிடத்தைக் கண்டதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன்.

“வகுத்தல்னா இன்னா டீச்சர்?”

சமமாகப் பங்கு போடுவது என்றேன். அது எத்தனை நாள் வேலை என்று கேட்டாள். சொல்ல முடியாது, தீபாவளியைத் தாண்டியும் இழுக்கலாம் என்றேன். அவள் கார்டில் அந்தக் காலி மூலையை விரலால் தடவினாள்.

“மத்ததெல்லாம் முடிச்சிட்டாளா?”

“முடிச்சிட்டா.”

“அப்ப இருக்கட்டுங்க. பாதி வெட்டுன கொல்லைய வுட்டுட்டு எந்த கேங்கும் போவாது.”

அந்தத் தீபாவளிக்கு லாரி வந்தது. பிள்ளை ஏறவில்லை. கைக்குழந்தையோடு ஊரிலேயே தங்கிய சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வகுத்தல் அவளுக்கு ஆடியிலேயே வந்துவிட்டது. மிஞ்சிய கொட்டையை மீதி என்று தனியாக வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சந்தோஷப்பட வேண்டியவள் நான் பயந்துபோனேன். பாக்கி தீர்ந்துவிட்டால் அவள் அம்மா கூட்டிக்கொண்டு போய்விடுவாளே. அன்றைக்கே பின்னத்தை ஆரம்பித்தேன். தீபாவளிக்கு முன்னால் அம்மா வந்து விசாரித்தபோது, பின்னம் இன்னும் வரவில்லை என்றேன். சத்தியமாக வரவில்லைதான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி யார் கேட்டாலும் என் பேச்சு ஏதாவது ஒரு பாக்கியில்தான் முடியும். எதையும் நான் பொய்யாகச் சொன்னதில்லை. தெரியாதது என்று ஒன்று எல்லோருக்கும் எப்போதும் இருக்கத்தானே செய்கிறது? என் அதிகாரிக்கும் இருந்தது. அவருக்கு யாரும் எழுத்துப் போடவில்லை.

ஐந்தாம் வகுப்பு முடிந்தது. அம்மா கரும்பு முடித்து வந்தவள், கையில் கரும்புச் சோகை கிழித்த கீறல்கூட ஆறாமல் பள்ளிக்கு வந்தாள். இன்னும் என்ன பாக்கி என்று கேட்டாள்.

தசமம் இருக்கிறது, அறிவியல் இருக்கிறது, இங்கிலீஷ் முழுக்க இருக்கிறது, அதெல்லாம் மணலூர்பேட்டைப் பெரிய பள்ளியில்தான் சொல்லிக்கொடுப்பார்கள் என்றேன். மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பத்தை நீட்டினேன். அவள் மை தொட்டுக் கைநாட்டு வைத்தாள். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“இந்தக் கொல்லைக்கு வரப்பே இல்லியா டீச்சர்?”

இல்லை என்றேன்.