முப்பத்தெட்டாம் எண்ணும் ஒரு சுற்றும்

என் துப்பாக்கிக் குழலின் முனையில் ஒரு ட்யூனர் மாட்டியிருந்தேன். உருளையான ஓர் எடை, அவ்வளவுதான். சுடும்போது குழல் அதிரும். எடையை முன்னும் பின்னும் திருகினால் அந்த அதிர்வு மாறும். சரியான இடத்தில் நிறுத்திவிட்டால் எல்லாத் தோட்டாவும் ஒரே துளையில் போகும் என்பார்கள். திருகும் வளையத்தில் பூஜ்யத்திலிருந்து நாற்பத்தொன்பது வரை எண்கள். ஒரு முழுச் சுற்று திருகினால் தண்டில் ஒரு கோடு வெளியே தெரியும்.

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குக் கொடுத்தேன். ஒவ்வோர் எண்ணிலும் ஐந்து தோட்டா. இரண்டாம் கோட்டில், முப்பத்தெட்டில், ஐந்தும் ஒரே துளை. சட்டைப் பித்தான் அளவுகூட இல்லை. இதுதான் என் எண் என்று முடிவு கட்டினேன். மறுபடி சுட்டுப் பார்க்கவே இல்லை.

ஜொகூர் மாநில அணியில் ஐம்பது மீட்டர் படுத்துச் சுடும் பிரிவுக்கு ஒரே ஓர் இடம். எங்கள் கிளப்பில் அதற்கு இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் வெல்டர் அண்ணன். அவர் துப்பாக்கியில் ட்யூனர் கிடையாது.

“அஞ்சு தோட்டாவ வச்சு என்னா தெரியும் தங்கச்சி? அம்பது சுட்டுப் பாரு.”

“உங்களுக்குப் பொறாம அண்ணே.”

“ஆமா லா. சோறே எறங்கல.”

தேர்வு குளுவாங் பக்கம், செம்பனைகளுக்கு நடுவே இருந்த ஒரு சுடுதளத்தில். இரண்டு நாள். ஒரு நாளைக்கு அறுபது தோட்டா, அறுநூறு புள்ளி. இரண்டு நாளையும் கூட்டி, அதிகம் எடுத்தவருக்கு இடம்.

எங்கள் கிளப்பில் துப்பாக்கி ட்யூனரோடு அப்படியே அலமாரியில் நிற்கும். வெளியே எடுத்துப்போகப் பெட்டியில் வைத்தால் மூன்று விரல் நீளம் அதிகம், மூடி மூடவில்லை. ட்யூனரைக் கழற்றிக் காலுறைக்குள் போட்டுக்கொண்டேன். அங்கே போய்த் திருப்பி மாட்டினேன். வளையத்தைத் திருகியதும் முப்பத்தெட்டு வந்தது. அது நகராமல் பிடிக்கும் திருகாணியை இறுக்கினேன்.

முதல் நாள் ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு சுட்டதில்லை. அண்ணன் ஐந்நூற்றெண்பத்தொன்பது. அவர் முன்னால் போய் நின்று, “பாத்தீங்களா முப்பத்தெட்டோட வேலைய?” என்று கேட்டேன்.

பெட்டியில் வைக்க ட்யூனரைக் கழற்றப் போனபோதுதான் பார்த்தேன். தண்டில் மூன்று கோடுகள் தெரிந்தன.

எண் முப்பத்தெட்டுதான். ஆனால் ஒரு முழுச் சுற்று தள்ளி. நான் வேலை பார்ப்பது தொழிற்சாலையில், தரச் சோதனைப் பிரிவில். நாள் முழுக்கக் கையில் மைக்ரோமீட்டர். அதிலும் இதே மாதிரி வளையம், இதே மாதிரி கோடு. வளையத்தைப் படித்துவிட்டுக் கோட்டை விட்ட ஒரு பெண்ணை, போன மாதம்தான் அவள் அழும்வரை திட்டினேன். அதே தப்பு. அதுவும் தேர்வு நாளில். அதைவிடக் கொடுமை, அந்தத் தப்பில்தான் என் மிகச் சிறந்த புள்ளி வந்திருந்தது.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மறைக்கத் தோன்றவில்லை, காட்டினேன்.

“அலமாக்,” என்றார். சிரிக்கவில்லை. “நாளைக்கும் இதே கோட்டுலயே வையி.”

“என்னைத் தோக்கடிக்கப் பாக்குறீங்களா?”

“தோக்கடிக்கணும்னா மாத்துன்னுல சொல்லியிருப்பேன்? சுட்டது உன் கை, தங்கச்சி. அந்த இரும்பு இல்ல.”

நான் நம்பவில்லை. எதிராளி எதற்கு எனக்கு நல்லது சொல்வான்?

மறுநாள் இரண்டாம் கோட்டில், முப்பத்தெட்டில் வைத்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். சோதனைத் தோட்டாக்கள் வேறு இடத்தில் விழுந்தன. குறியைத் திருத்தினேன். ஆனால் ஒவ்வோர் ஒன்பதுக்கும், ‘நேற்றைய கோட்டில் இது பத்தாக இருந்திருக்குமோ?’ என்ற கேள்வி. மூச்சைத் தேவைக்கு மேல் பிடித்தேன். விசையை அவசரமாக இழுத்தேன். ஐந்நூற்றெண்பத்தாறு.

அண்ணன் ஐந்நூற்றுத் தொண்ணூறு. கூட்டினால் எனக்கு ஆயிரத்து நூற்றெழுபத்தெட்டு. அவருக்கு ஒரு புள்ளி அதிகம். ஒரே ஒரு புள்ளி.

ட்யூனர்தான் கெடுத்தது என்று ஒரு வாரம் எல்லோரிடமும் கத்தினேன். அடுத்த ஞாயிறு அண்ணன் கிளப்புக்கு ஒரு துண்டோடு வந்தார். ட்யூனரைத் துண்டால் மூடி, எனக்குத் தெரியாமல் திருகி வைப்பார். நான் ஐந்து சுட வேண்டும். இப்படிப் பத்து இலக்கு அட்டைகள். ஐந்து என் எண்ணில், ஐந்து ஒரு சுற்று தள்ளி. எது எதுவென்று நான் பிரிக்க வேண்டும்.

தைரியமாகப் பிரித்தேன். அவர் எழுதி வைத்த தாளை விரித்தார். ஆறு தப்பு.

“கிளி ஜோசியத்துக் கிளிகூட அஞ்சு சரியா எடுத்திருக்கும் லா,” என்றார்.

அட்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் எண்ணில் அகலமாகச் சிதறியதும் இருந்தது, பித்தான் அளவு துளையும் இருந்தது. ஒரு சுற்று தள்ளிச் சுட்டதிலும் அப்படியே. மூன்று மாதம் தேடி நான் பிடித்துத் தொங்கியது ஒரே ஓர் அதிர்ஷ்ட அட்டையை.

“இன்னும் பத்து,” என்றேன்.

அவர் மறுபடி துண்டைப் போட்டு மூடினார். அந்தப் பத்தில் நான்கு தப்பு. இருபதையும் கூட்டினால் பாதிக்குப் பாதி.

எழுந்து உட்கார்ந்தேன். என் இடத்தை எந்த இரும்பும் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் விசையை இழுத்தது நான். அவருக்கு அதுவரை ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“நல்லாச் சுட்டீங்க அண்ணே,” என்றேன். சொல்லக் கசந்தது. ஆனால் உண்மை.